தலைகீழாகப் பார்த்த கையெழுத்து

ஒரு கையெழுத்து நிஜமா போலியா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும். நேராக வைத்தால் பெயரைத்தான் படிப்போம். படித்ததும் மனசு இளகிவிடும். ஆஹா, அவரே கைப்பட எழுதியதா என்று புல்லரிக்கும். அதற்குப் பிறகு கோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? தலைகீழாக வைத்தால் பெயர் போய்விடும், வெறும் கோடு மிஞ்சும். அந்தக் கோடு வேகமாக ஓடியதா, பயந்து பயந்து நடந்ததா என்பது தெரிந்துவிடும். நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் கோடு போடுவதைப் பார்த்துப் பார்த்தே என் கண் பழகிவிட்டது.

பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்களின் போன் குரூப் ஒன்றில் இருக்கிறேன். எங்கெங்கிருந்தோ படம் பிடித்து அனுப்புவார்கள். ரெக்கார்டின் உறையிலோ நடுவில் இருக்கும் வட்ட லேபிளிலோ ஒரு பாடகரின் கையெழுத்து இருக்கும். இது ஒரிஜினலா சார் என்று கேட்பார்கள். மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, எவன் முதுகிலாவது வைத்துப் போட்ட கையெழுத்து அழகாக இருக்காது. எழுத்து பாதியில் தேய்ந்து போயிருக்கும், கடைசிக் கோடு எங்கோ பறந்திருக்கும். வருகிற படங்களில் முக்கால்வாசி அழகாகத்தான் இருக்கும். நான் சுற்றி வளைக்காமல் ‘போலி’ என்று ஒரே வார்த்தை போட்டுவிடுவேன். சிலர் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் சண்டை பிடிக்கும். நல்ல வார்த்தை சொன்னால் உங்களுக்கு நாக்கு சுட்டுவிடுமா என்று என் மனைவி கேட்பாள்.

அப்படிப்பட்ட எனக்கு, என் மாமியார் ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தபோது வாய் அடைத்துப் போய்விட்டது.

மாமனார் போன வருஷம் காலமானார். அதற்குப் பிறகு அத்தை வடக்கனந்தல் வீட்டை விட்டு வந்து, கள்ளக்குறிச்சியில் எங்களோடு இருக்கிறார். மாமனாருக்கு மரவள்ளிக் காடும் இருந்தது, மைக் செட்டும் இருந்தது. காடு சோறு போட்டது, மைக் செட் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்தச் சுற்றுவட்டத்தில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எதுவானாலும் புளியமரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர் அவர்தான்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், கள்ளக்குறிச்சித் திருவிழாக் கச்சேரிக்குப் பெரிய பின்னணிப் பாடகி ஒருவர் வந்திருந்தாராம். மாமனார் மேடைக்குப் பின்னால் போய்க் காத்துக் கிடந்து, அந்த அம்மாள் பாடிய ரெக்கார்டை நீட்டி, லேபிளிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது. நான் பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் எனக்கு ரெக்கார்டைத்தான் காட்டினார்கள். மாமனார் அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஏந்திப் பிடித்திருப்பார், யார் கையிலும் தர மாட்டார். காட்டும்போதெல்லாம் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, ‘வா, நீயும் வந்து பாரு’ என்று அத்தையைக் கூப்பிடுவார். அத்தை வந்து நிலைப்படி ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மாமனாருக்கு முதல் தெவசம் வந்தது. வடக்கனந்தல் வீட்டில் மாமனாரின் தம்பி இருக்கிறார், நான் அவரைச் சின்ன மாமா என்பேன். அண்ணன் படத்தையும் அந்த ரெக்கார்டையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, தெவசத்தன்று கூடத்தில் மாட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. சட்டம் அடிக்கக்கூடச் சொல்லிவிட்டார். ஆனால் அத்தை ரெக்கார்டைத் தர மறுத்துவிட்டார். மாப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும், நிஜம் என்றால் மாட்டலாம் என்றார். அண்ணன் மேலேயே சந்தேகமா அண்ணி என்று சின்ன மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பழைய துணியில் சுற்றிய ரெக்கார்டை என் மேஜைமேல் வைத்தார்.

“நெசமா பொய்யான்னு பாத்து சொல்லுங்க மாப்ள. எனக்காவ கூட்டிக் கொறச்சி ஒண்ணும் சொல்ல வேணாம்.”

திருப்பி வைத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. அது போலி. சந்தேகத்துக்கே இடமில்லாத போலி. ஒவ்வொரு எழுத்தும் நின்று நின்று, அடுத்த வளைவு எப்படி என்று யோசித்து யோசித்துப் போடப்பட்டிருந்தது. பேனா நின்ற இடத்திலெல்லாம் மசி திரண்டு புள்ளியாக இருந்தது. வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன், அதை எடுத்துக்கொண்டு லேபிளின் மேலேயே குனிந்தேன். கண்ணாடி விளிம்பு வழுக்கியது. லேபிள் முழுக்க மெழுகு. பார்சலில் விலாசம் எழுதி, மழையில் கரையாமல் இருக்க மேலே மெழுகுவத்தியைத் தேய்ப்போமே, அதே மாதிரி தேய்த்திருந்தது. மைக் செட்காரர்கள் சிலருக்கு அது வழக்கம். திருவிழாவுக்குப் போய் வரும் ரெக்கார்டுகளில் புழுதியும் கற்பூரக் கரியும் ஏறிவிடும், வீட்டில் போட்டுக் கழுவுவார்கள். லேபிளில் எழுதியிருக்கும் பேர் போகாமல் இருக்க மெழுகு. அதற்குக் கீழே காகிதம் முழுக்க ஒரு மாதிரி நீலம் பாரித்திருந்தது. ஈரம் ஊறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். கண்ணாடியில் ஒட்டிய மெழுகைத் துடைக்கத்தான் எரிச்சலாக இருந்தது.

அத்தை எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். இன்னும் பார்க்க வேண்டும் அத்தை, வெளிச்சம் போதவில்லை என்றேன். சித்திரை மாதத்துக் கள்ளக்குறிச்சியில், வெயில் கூடம் வரைக்கும் வந்து படுத்திருந்தது. அத்தை அந்த வெயிலை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. யாரோ சேலத்துக்காரர் என்றால் ‘போலி’ என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இங்கே அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன அர்த்தம்? இத்தனை வருஷமாக மாமனார் பெண்டாட்டியை ஏமாற்றினார், வந்தவர் போனவரை எல்லாம் ஏமாற்றினார் என்று அர்த்தம். செத்துப் போன மனிதர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. நிஜம் என்று பொய் சொல்லலாம் என்றால், கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். காலையில் காபி டம்ளரை வைக்கும்போதெல்லாம் பாத்தீங்களா மாப்ள என்று ஒரு கேள்வி வரும்.  பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்பேன், காரணமில்லாமல் திரும்பி வருவேன். தக்காளிக்காரரிடம் சண்டை போட்டேன். ஷேர் ஆட்டோவில் இடம் இருந்தும் ஏறாமல், ஏற்றிக்கொள்ளவில்லை என்று சண்டை போட்டேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் அவருடைய மகள் அல்லவா? எங்க அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று அழுதாள். உங்களுக்கு ஊரில் இருப்பதெல்லாம் போலி, நீங்கள் ஒருத்தர்தான் ஒரிஜினல் என்றாள். அப்புறம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. பேசிய ஒரே பேச்சு, மலைமேல் இருக்கும் மைக் செட் மாமாவைப் போய்க் கேளுங்கள், அன்றைக்கு மேடைக்குப் பின்னால் அப்பாவோடு நின்றவர் அவர்தான் என்பது.

போனேன். வீட்டில் உட்கார முடியாத எனக்கு அது வசதியாகவும் இருந்தது. ரெக்கார்டைத் துணியோடு ஒரு கட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவுகள் ஆரம்பித்ததும் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் முட்டையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மலைமேல் இருந்தவர் மாமனாரைவிட வயதில் சின்னவர். கல்வராயன் மலையில் எந்த ஊரில் திருவிழா என்றாலும் பெட்டியைத் தலையில் சுமந்துபோய்ப் பாட்டுப் போட்டவர். வாசலில் சாமை காயப் போட்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லவில்லை. மாமனாரின் தெவசத்துக்கு ரெக்கார்டை மாட்டப் போகிறோம், அந்தக் கதையைக் கேட்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய்த் தன்னுடைய ரெக்கார்டை எடுத்துவந்தார். அதே பாடகி, அதே சாயங்காலம் போட்ட கையெழுத்து.

கேட்காமலேயே வாங்கித் தலைகீழாகத் திருப்பினேன். நிஜம். கோடு சறுக்கிக்கொண்டு ஓடியிருந்தது. கடைசி எழுத்தின் வால் லேபிளை விட்டுக் கறுப்புத் தட்டின் மேல் போய் ஏறியிருந்தது.

மாமனாருக்கு அன்றைக்குக் கையெழுத்துக் கிடைத்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். என் குரலில் எதையோ கண்டுபிடித்தவர் மாதிரி அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார் இப்டி கேக்கறீங்க? அண்ணன் ரெக்கார்ட என் முதுவுல வெச்சித்தான் அந்த அம்மா போட்டாங்க. பேனா குத்தினது இன்னும் ஞாபகம் இருக்குது.”

இவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்?  ஏதாவது பேச வேண்டுமே என்று, நீங்களும் மெழுகு தேய்த்திருக்கிறீர்களே என்றேன். அது மாமனார் சொல்லித் தேய்த்தது என்றார். கச்சேரி முடிந்து சில மாதம் கழித்து, ஆடித் திருவிழாவுக்கு மாமனார் மலைக்கு வந்தாராம். வந்ததும் முதல் வேலையாக இவருடைய ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு தடவை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், உடனே மெழுகு தேய்த்துவிடு என்று சொல்லி, தானே கடைக்குப் போய் மெழுகுவத்தி வாங்கிவந்து தேய்த்தும் கொடுத்தாராம். களியும் கீரைக் குழம்பும் சாப்பிடாமல் என்னை அவர் விடவில்லை.

இறங்கும்போது மனசு ஏறும்போது இருந்ததைவிட மோசமாக இருந்தது. நிஜக் கையெழுத்து அவருக்குக் கிடைத்திருக்கிறது. பையில் இருப்பதோ போலி. அப்படியானால் நிஜமானது எங்கே போனது? யாருக்காவது கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வேறொன்று தயார் செய்தாரா? யாருக்குக் கொடுத்தார்? பெண்டாட்டிக்குத் தெரியாமல் கொடுக்கும் அளவுக்கு யார்? ஒவ்வொரு வளைவிலும் என் புத்தி ஒரு புதுப் பள்ளத்தில் இறங்கியது. மாமனாரைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றபோது, இனி தாங்காது, இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் மனைவி இல்லை. அத்தை கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டிவிட்டேன். கையெழுத்து போலிதான் அத்தை, ஆனால் மாமா உங்களிடம் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அவருக்குக் கையெழுத்துக் கிடைத்தது, பார்த்தவர் இருக்கிறார், நடுவில் என்ன நடந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை என்றேன்.

அத்தை நிமிரவில்லை. ஒரு இணுக்கை உருவி முறத்தில் போட்டார்.

“பாத்தாலே தெரியுதா மாப்ள?”

எனக்குப் பார்த்ததும் தெரிந்தது, கோடு வேகமாக ஓடாமல் நின்று நின்று போயிருக்கிறது என்றேன்.

“உங்களுக்குத் தெரியும். பழகாதவங்களுக்கு?”

புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, ஆனால் முதலில் போட்ட கையெழுத்தைப் பார்த்தவர், தினமும் அதைக் கையில் எடுக்கிறவர் என்றால் தெரியாமல் இருக்காது என்றேன். அத்தை கையிலிருந்த கீரைக் கொத்தைக் கீழே வைத்தார்.

“அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அதப் போட்டது நான்தான்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். திருவிழா முடிந்து வரும் ரெக்கார்டுகளைக் கழுவுவது அவருடைய வேலை. சீயக்காய் நுரையில் முக்கி, லேபிள் நனையாதபடி உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் துணியால் துடைத்து, நிழலில் சுவரோரமாகச் சாய்த்து வைப்பார். ஒரு நாள் இந்த ரெக்கார்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் ஓடியது. ரெக்கார்டை அன்னக்கூடைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். பிடித்துக் கட்டிவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் நீலமாக இருந்தது. லேபிளில் ஒன்றும் இல்லை.

மாமனார் வெளியூரில் செட் கட்டப் போயிருந்தார். லேபிள் காயும்வரை அத்தை அழுதாராம். அப்புறம் அந்த எழுத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, பேப்பரில் எழுதி எழுதிப் பார்த்து, மசிப் பேனாவால் லேபிளில் போட்டுவிட்டார். மாமனார் வந்து எடுத்துப் பார்த்தார், பெட்டியில் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. தெரியவில்லை என்று அத்தைக்கு நிம்மதி. அந்த நிம்மதி முதல் விருந்தாளி வரும்வரைதான். தெரியாத்தனமாக மனுஷன் ஊரையே ஏமாற்றுகிறாரே, அதற்குக் காரணம் நான் அல்லவா என்று ஒவ்வொரு தடவையும் நிலைப்படியில் நின்று செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார். கூச்சம் என்று நான் நினைத்தது அதுதான். இப்போது அந்தப் பொய்யை அவர் படத்தோடு சேர்த்து மாட்டினால் அவர் ஆத்மா சாந்தியடையுமா? தன் வாயால் சொல்லத் துணிவில்லை. மாப்பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லிவிடட்டும் என்றுதான் என்னிடம் கொண்டுவந்தாராம்.

எனக்கு அந்த நீலம் பாரித்த காகிதம் நினைவுக்கு வந்தது. ஈரம் ஊறியிருக்கிறது என்று எவ்வளவு சுலபமாக விட்டுவிட்டேன்! அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. பையிலிருந்து ரெக்கார்டை எடுத்தேன்.

“அத்தை, இந்த மெழுகு யார் தேய்ச்சது?”

எந்த மெழுகு என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த ரெக்கார்டை அவர் தொடவே இல்லை. இதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமனார் தனியாக எடுத்து வைத்துவிட்டாராம். நல்லதாகப் போயிற்று என்று இவரும் இருந்துவிட்டார்.

அத்தையின் விரலைப் பிடித்து லேபிளின் மேல் வைத்தேன். மாமியார் கையை மாப்பிள்ளை பிடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை, அந்த நேரத்தில் அது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. விரல் வழுக்கியது. நான் சொன்னேன்: மெழுகு முன்னாலேயே இருந்திருந்தால் அன்றைக்கு மசி கரைந்திருக்காது. கரைந்த பிறகுதான் தேய்த்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதற்கு மேலே தேய்த்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்து போய்விடக் கூடாது என்று தேய்த்திருக்கிறார்கள். மலைக்குப் போய், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்று இன்னொருத்தரை உஷார்ப்படுத்தியதும் மாமாதான். அவருக்கு வந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது அத்தை.

அத்தை விரலை எடுக்கவில்லை. ஒரு எழுத்து விடாமல் மெதுவாகத் தடவினார். எனக்கு அழுகைதான் வந்தது.

“தெரிஞ்சிக்கினேதான் வா, நீயும் வந்து பாருன்னு என்னையே கூப்புட்டாரா?”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்த்தேன், இரண்டும்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று திட்டவும் செய்தார். வெளியே போயிருந்த என் மனைவி உள்ளே வந்து, முறத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிவிட்டாள். அவளுக்குச் சொன்னோம். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

தெவசத்தன்று வடக்கனந்தல் வீட்டில் படையல் முடிந்ததும் சின்ன மாமா சுத்தியலோடு வந்து நின்றார். மாப்பிள்ளை என்ன சொன்னார் அண்ணி, ஒரிஜினல்தானா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஒரிஜினல்தான், மாட்டுங்க என்றார். சட்டம் சுவரில் ஏறியது. ஒரு பக்கம் மாமனார், ஒரு பக்கம் ரெக்கார்டு. சொந்தக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அத்தை நிலைப்படியில் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சட்டத்துக்குக் கீழேயே வந்து நின்று, அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் வேகமா போட்டிருக்கணும், இல்ல மாப்ள?”